லிப்ரே ஆபிஸ் ரைட்டர் தானாக மூடிக்கொள்கிறது, தமிழ் எழுத்துருவும் மாறிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது, எங்கே உதவி கேட்பது?

கேள்வியில் இரண்டு சிக்கல்களைச் சொல்லியிருக்கிறீர்கள். விண்டோஸில் ரைட்டர் திறந்த சிறிது நேரத்தில் தானாகவே மூடிக்கொள்கிறது; நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை. பிறர் அனுப்பும் டாக்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் வேர்ட்) கோப்புகளில் தமிழ் எழுத்துரு மாறிப்போகிறது. ஸ்டைலை, அதாவது பத்தியின் தோற்றத்தை வரையறுக்கும் அமைப்பை, திருத்தி அளவைக் கூட்டினால் ஆங்கிலம் மட்டுமே பெரிதாகிறது. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பதால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

மறுபடி நிறுவியும் சரியாகாததற்குத் தெளிவான காரணம் உண்டு. உங்கள் அமைப்புகள், நீட்சிகள், நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்கள், மேக்ரோக்கள் ஆகியவை 'யூசர் புரொஃபைல்' எனப்படும் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கும்போது அந்தக் கோப்புறை நீங்குவதில்லை. ஆகவே புதிதாக நிறுவிய ரைட்டரும் பழைய, கெட்டுப்போன அமைப்புகளையே எடுத்துக்கொள்கிறது. இதைச் சோதிக்கவே 2017-இல் வெளியான 5.3 பதிப்பிலிருந்து 'சேஃப் மோட்' தரப்பட்டுள்ளது; அது தற்காலிகமான புதிய புரொஃபைலோடும், கிராபிக்ஸ் வன்பொருள் முடுக்கம் இல்லாமலும் ரைட்டரைத் திறக்கும். ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தோன்றும் பெட்டியில் எதையும் மாற்றாமல் தொடருங்கள். அப்போது ரைட்டர் மூடிக்கொள்ளாமல் இயங்கினால், கோளாறு புரொஃபைலிலோ திரையில் வரையும் கிராபிக்ஸ் பகுதியிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். முதலில் புரொஃபைலைப் பார்ப்போம்.

அந்தக் கோப்புறை விண்டோஸில் 'ஆப்டேட்டா' என்பதற்குள் 'ரோமிங்', அதற்குள் 'லிப்ரே ஆபிஸ்', அதற்குள் '4' என்ற இடத்தில் 'யூசர்' என்ற பெயரில் இருக்கும். பதிப்பு எண் எவ்வளவோ உயர்ந்துவிட்டாலும் அந்த 4 மட்டும் மாறவில்லை, அதனால் பழைய பதிப்பின் மிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். ரைட்டரை மூடிவிட்டு 'யூசர்' கோப்புறையின் பெயரை மாற்றி வையுங்கள், தயவுசெய்து அழிக்காதீர்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிய கோப்புறை தானாக உருவாகும். உங்கள் அகராதிச் சொற்கள் பழைய கோப்புறையின் 'வேர்ட்புக்' பகுதியிலும், வார்ப்புருக்கள் 'டெம்ப்ளேட்' பகுதியிலும் பத்திரமாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் புதிய இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளலாம்.

சேஃப் மோடில் ஒழுங்காக இயங்கி, புரொஃபைலை மாற்றிய பின்னும் மூடிக்கொண்டால், திரையில் வரையும் பணியைச் செய்யும் ஸ்கியா என்ற பகுதியைச் சந்தேகிக்கலாம். 2020-இல் வந்த 7.0 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. சில கிராபிக்ஸ் டிரைவர்களோடு ஒத்துப்போவதில்லை. டூல்ஸ் மெனுவின் ஆப்ஷன்ஸில், லிப்ரே ஆபிஸ் என்பதன் கீழ் உள்ள 'வியூ' பக்கத்தில் ஸ்கியாவை மென்பொருள் வழியாக மட்டும் இயங்குமாறு கட்டாயப்படுத்த முடியும். ஒரே ஒரு ஆவணம் மட்டும் தொல்லை தந்தால், கோளாறு அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. ஓடிடி (ரைட்டரின் சொந்தக் கோப்பு வடிவம்), டாக்எக்ஸ் இரண்டுமே ஜிப் பொதிகள்தாம்; ஒரு நகலெடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், முழு ஆவணமும் திறக்க மறுக்கும் நிலையிலும் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து உரையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

இனி தமிழ். ரைட்டர் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் மூன்று எழுத்துருக்களை வைத்துக்கொள்கிறது: மேலை மொழிகளுக்கு ஒன்று, சீனம் ஜப்பானியம் போன்றவற்றுக்கு ஒன்று, 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற பிரிவில் வரும் மொழிகளுக்கு ஒன்று. தமிழ் மூன்றாவது பிரிவைச் சேர்ந்தது. நீங்கள் ஸ்டைலில் மாற்றியது மேலை எழுத்துருவின் அளவை. ஆகவே தமிழ் அசையாமல் நின்றது. ஸ்டைலின் எழுத்துருப் பக்கத்தில் மூன்றாவது பிரிவுக்குச் சென்று எழுத்துருவையும் அளவையும் அங்கே தரவேண்டும். அந்தப் பிரிவே தென்படவில்லை என்றால், ஆப்ஷன்ஸின் மொழி அமைப்புகளில் அதை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பியவரின் கணினியில் லதா போன்ற எழுத்துரு இருந்து உங்களிடம் இல்லையென்றால், ரைட்டர் வேறொன்றை இட்டு நிரப்பும். வரிகளும் பக்கங்களும் அதனால் இடம் மாறும்.

ஆனால் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அது ரைட்டரின் குற்றமன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு அது. அதில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகளே. எழுத்துருவை நிறுவினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடவோ பிழை திருத்தவோ முடியாது. தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் பொது முறையான யுனிகோடுக்கு மாற்றுவதே தீர்வு.

இவற்றுக்கும் அடங்காத சிக்கல் என்றால் உதவி கேளுங்கள். பயன்படுத்தும் முறை பற்றிய ஐயங்களுக்கு 'ஆஸ்க் லிப்ரே ஆபிஸ்' தளமும், நிரலின் பிழைகளுக்கு, லிப்ரே ஆபிஸை நடத்தும் அமைப்பான டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவும் இருக்கின்றன. அங்கே பதில் சொல்வோரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்கள் தங்கள் கணினியில் உங்கள் கோளாற்றை வரவழைத்துப் பார்க்க முடிந்தால்தான் அதைத் தொடர்ந்து ஆராய முடியும். ஆகவே 'எழுத்து கெட்டுப்போகிறது' என்று மட்டும் எழுதாமல், ஹெல்ப் மெனுவின் 'அபவுட்' பெட்டியில் உள்ள பதிப்பு விவரத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடக்கவேண்டும், என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். கோளாறு தெரியும் மிகச் சிறிய கோப்பை இணையுங்கள். பழைய பதிப்புகள் காப்பகத்தில் பதிவிறக்கக் கிடைக்கின்றன. எந்தப் பதிப்புவரை சரியாக இருந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னால், பிழையைத் தேடுபவரின் வேலை வெகுவாகக் குறையும்.

இணைக்கும் கோப்பை எவரும் பார்க்கலாம் என்பதால், அலுவலக ஆவணத்தை அப்படியே ஏற்ற வேண்டாம். ஆங்கில உரையை எக்ஸ் எழுத்தால் நிரப்பச் சொல்வார்கள். தமிழில் அப்படிச் செய்தால் ஆராயவேண்டிய கோளாறே மறைந்துவிடும். ஒரு நகலில், 'ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்' பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (ஒரே வடிவத்தால் பல எழுத்துகளைத் தேடும் வசதியை) இயக்கி, [க-ஹ] என்று தேடி 'க' என்று மாற்றுங்கள். உயிரெழுத்துகளுக்கு [அ-ஔ] என்று தேடி 'அ' என்று மாற்றலாம். கொம்பும் காலும் புள்ளியும் அந்தந்த இடத்தில் நிற்க, செய்தி மட்டும் மறைந்துவிடும். அதன் பிறகும் கோளாறு அந்த நகலில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இணையுங்கள்.

பக்ஸில்லாவில் உங்கள் பதிவு 'நீட்இன்ஃபோ' என்ற நிலைக்கு மாறினால், உங்களிடம் ஏதோ விவரம் கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். பதில் வராத பதிவுகள் சில மாதங்களில் மூடப்படும் என்பதால், அதற்கான மின்னஞ்சல் வந்ததும் பதில் எழுதிவிடுங்கள்.