டி+ வந்தால் வருத்தப்பட வேண்டுமா?

செமஸ்டர் ரிசல்ட் வரும் நாட்களில், மார்க் ஷீட்டைப் பார்த்துக் குழம்பி எழுதும் பெற்றோரும் மாணவரும் அதிகம். இந்த முறை கிரேடு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் மகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். இரண்டு பாடங்களில் டி+, ஒன்றில் டி வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டி என்றால் கடைசி வரிசை. டியூஷன் வைக்கலாமா?
— புரசைவாக்கம் வாசகர்

டியூஷன் வேண்டாம், மகளைப் பாராட்டுங்கள். சென்னைப் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புகளில் 90-உம் அதற்கு மேலும் ஓ, 80–89 டி+, 75–79 டி, 70–74 ஏ+, 60–69 ஏ, 50–59 பி, 40–49 சி. அங்கே டி என்பது ஏ+ஐ விட மேல். கிரேடு பாயின்ட்டும் மார்க்கை ஒட்டியே வரும்: 83 எடுத்தால் 8.3.

அதே எழுத்துக்குச் சென்னை ஐஐடியில் வேறு மதிப்பு. அங்கே எஸ் கிரேடுக்கு 10 பாயின்ட், ஏ 9, பி 8, சி 7, டி 6, ஈ 4. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்கென்று தனி அட்டவணை இருக்கலாம். அதனால் மகள் வேலைக்கோ மேல்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது கிரேடு அட்டவணை அச்சிட்டிருக்கும் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர் டி+ஐப் பார்த்து உங்களைப் போலவே நினைத்துவிடக் கூடாது.

பையனுக்கு இன்டர்னல் 40-க்கு 38. மொத்தம் 62 வருகிறது, பாஸ் மார்க் 50. ஆனாலும் தேறவில்லை என்று யூ கிரேடு போட்டு அரியர் என்கிறார்கள். தவறு நடந்திருக்குமா?
— பெரம்பூர் வாசகி

தவறு இல்லை அம்மா. அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க் 40, செமஸ்டர் தேர்வு 60. 100-க்கு எழுதுவதை 60-க்குச் சுருக்குகிறார்கள். மொத்தத்தில் 50 வாங்குவதோடு, செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமும் எடுக்க வேண்டும். உங்கள் மகன் 100-க்கு 40 எடுத்திருக்கிறார், அது 24 ஆகி 38-உடன் சேர்ந்து 62 ஆனது. 45-ஐத் தொடாததால் அந்த 62 செல்லாது.

இன்டர்னல் குறைந்தவர்களுக்கு இதே கணக்கு வேறு பக்கம் இடிக்கும். இன்டர்னல் 15 என்றால் மீதி 35-ஐ 60-இல் எடுக்க வேண்டும். அதாவது தேர்வுத்தாளில் 59. அங்கே 45 எடுத்தாலும் போதாது. அடுத்த முறை தேர்வுக்கு உட்காரும்முன் ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜிபிஏவை (செமஸ்டரின் சராசரி கிரேடு பாயின்ட்) நானே கணக்குப் போட்டால் 8.33 வருகிறது, மார்க் ஷீட்டில் 8.06 இருக்கிறது. அரியர் வைத்திருக்கும் என் நண்பனுக்கோ 8.36. இது எப்படி?
— தாம்பரம் பொறியியல் மாணவர்

நீங்கள் கிரேடு பாயின்ட்களைக் கூட்டி ஆறால் வகுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் எடையான கிரெடிட்டை விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு பாடத்தின் கிரேடு பாயின்ட்டையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கிரேடுகளின்படி:

4 கிரெடிட் கணிதத்தில் ஏ: 4 × 8 = 32
3 கிரெடிட் தியரியில் ஏ+: 3 × 9 = 27
4 கிரெடிட் தியரியில் பி+: 4 × 7 = 28
3 கிரெடிட் தியரியில் பி: 3 × 6 = 18
2 கிரெடிட் லேப் இரண்டிலும் ஓ: 20 + 20

மொத்தம் 145, கிரெடிட் 18. வகுத்தால் 8.06. லேபில் வாங்கிய இரண்டு 10-களும் உங்கள் சராசரியைத் தூக்கிவிட்டன. ஆனால் லேபுக்குக் கிரெடிட் குறைவு. கனமான 4 கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறினால் கிடைப்பது, லேபில் ஒரு கிரேடு ஏறினால் கிடைப்பதைப் போல் இரண்டு மடங்கு. படிக்கும் நேரத்தைப் பங்கிடும்போது முதலில் பார்க்க வேண்டியது கிரெடிட்டைத்தான்.

உங்கள் நண்பர் விஷயம் பலரையும் ஏமாற்றுவது. அண்ணா பல்கலைக்கழக முறையில் யூ கிரேடு வந்த பாடம் ஜிபிஏ கணக்கிலேயே வராது. உங்கள் பட்டியலில் அந்த பி+ பாடம் மட்டும் யூ என்று வைத்துக்கொள்ளுங்கள்: 117-ஐ 14-ஆல் வகுத்தால் 8.36. தேறாதவரின் ஜிபிஏ தேறியவருடையதை விட உயர்ந்துவிட்டது! அடுத்த முறை அவர் அதைப் பி கிரேடில் முடித்தால் 24 சேர்ந்து 141, வகுக்க 18, விடை 7.83. அரியரை முடித்ததும் இப்படி இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உண்மையான எண் அதுதான். அரியர் நிலுவையில் இருக்கும்போது ஜிபிஏவை நம்பி பிளேஸ்மென்ட் கட்-ஆஃப் கணக்குப் போடுவதுதான் ஆபத்து.

எல்லா செமஸ்டர்களையும் சேர்த்துப் போடும் சிஜிபிஏவுக்கும் இதே விதி. செமஸ்டர் ஜிபிஏக்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. 22 கிரெடிட்டில் 7.2, 26 கிரெடிட்டில் 8.4 என்றால் சராசரி 7.80 அல்ல, 7.85. அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்புக்கு 6.5, டிஸ்டிங்ஷனுக்கு 8.5 தேவை. டிஸ்டிங்ஷனுக்கு எல்லாப் பாடங்களையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்கவும் வேண்டும் என்பதால் நூலிழையில் நிற்பவர்களுக்கு இந்த 0.05 பெரிது.

அண்ணன் 2017 ரெகுலேஷனில் 78 எடுத்து ஏ வாங்கினான். நானும் 78, எனக்கு பி+. ஏன்?
— அம்பத்தூர் மாணவி

அண்ணா பல்கலைக்கழக 2017 ரெகுலேஷனில் 71–80 எல்லாருக்கும் ஏ. 2021-இல் மாணவர் எண்ணிக்கை 30-ஐத் தாண்டினால் ஒப்பீட்டு முறை. அந்தப் பாடத்தில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதை வைத்து எல்லைகள் வகுக்கப்படும். வினாத்தாள் சுலபமாக இருந்து பெரும்பாலோர் 80-ஐத் தாண்டினால் 78 கீழே இறங்கும், கடினமாக இருந்தால் அதே 78 மேலே போகும். தேறுவதற்கான 50 மட்டும் மாறாது. அண்ணனின் மார்க்கோடு உங்கள் மார்க்கை வீட்டில் யாராவது ஒப்பிட்டால் இதைக் காட்டுங்கள்.

சிஜிபிஏ 8.2. சதவீதமாக மாற்ற 9.5-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கிறேன்.
— வேளச்சேரி வாசகர்

9.5 என்பது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குச் சொன்னது. கல்லூரிக்குப் பொருந்தாது. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எழுத்தில் தந்த விதி எதுவோ அதை மட்டும் போடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் பத்தால் பெருக்குவது வழக்கம். நீங்களாக ஒரு சூத்திரத்தைப் போட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும்.

ஜெர்மனிக்குச் சதவீதமே தேவையில்லை. உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, உச்சத்துக்கும் தேறும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுவார்கள். உச்சம் 10, தேற 5 என்றால் 8.2-க்கு 2.08. தேறும் மதிப்பை 4 என்று எடுத்தால் 1.9. அங்கே 1 தான் மிக உயர்ந்தது. ஆகவே தேறும் குறைந்தபட்ச கிரேடு பாயின்ட் டிரான்ஸ்கிரிப்டில் (எல்லா செமஸ்டர் மார்க்கும் அடங்கிய சான்று) தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழும் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கேட்கிறார்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ரீவேல்யுவேஷனுக்கு நேரடியாகப் போகலாமா?
— குரோம்பேட்டை மாணவர்

முதலில் விடைத்தாளின் ஃபோட்டோகாப்பி வாங்குங்கள். கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா என்று பாருங்கள். பாட ஆசிரியரிடம் காட்டி, மார்க் ஏற வாய்ப்பு உண்டென்று அவர் சொன்னால் மட்டும் பணம் கட்டுங்கள். கடைசித் தேதி சில நாட்களிலேயே முடிந்துவிடும். முடிவு வரட்டும் என்று காத்திருந்து அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டாமல் விட்டால் ஒரு செமஸ்டர் போய்விடும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். லேபுக்கும் இன்டர்னலுக்கும் ரீவேல்யுவேஷன் கிடையாது. இன்டர்னலில் பிழை இருந்தால் கல்லூரி அதைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றும்முன் துறையில் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும்.