முழு இலவங்கப்பட்டைக்கு உலகச் சந்தை விலை என்று ஒன்று உண்டா? விலைப்புள்ளிகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

கேள்வி கேட்டவர் மூன்று நாடுகளிலிருந்து விலைப்புள்ளி வாங்கியிருக்கிறார். மூன்றிலும் ‘சின்னமன் ஸ்டிக்ஸ்’ என்றுதான் போட்டிருக்கிறதாம். இலங்கை விலை இந்தோனேசிய விலையைப் போல நான்கு மடங்கு; வியட்நாம் விலை கீழ்ப்பக்கமாக எங்கோ நிற்கிறது. யார் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்கிறார்.

வாசனைப் பொருள் கொள்முதலில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைப் பார்த்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். உங்கள் கையில் இருப்பவை வேறு வேறு பொருள்களின் விலைகள்.

முதலில் தலைப்புக் கேள்விக்கே வருவோம். அப்படி ஒரு உலக விலை கிடையாது. காபிக்கு நியூயார்க்கிலும் லண்டனிலும் வாயிதா வணிகம், அதாவது பின்னொரு தேதிச் சரக்குக்கு இன்றே விலை பேசும் வணிகம், நடக்கிறது. தேயிலைக்குக் கொழும்பு, மொம்பாசா ஏலங்கள் இருக்கின்றன. பட்டைக்கு அப்படி எல்லோரும் பார்த்துக்கொள்ளக்கூடிய வாயிதாச் சந்தையோ ஏலமோ இல்லை. விற்பவரும் வாங்குபவரும் இடைத்தரகரும் தங்களுக்குள் பேசி முடிக்கிறார்கள். அது வெளியே வருவதில்லை.

அதனால் பலரும் சுங்கத் தரவைப் பிடித்துக்கொள்கிறார்கள். மொத்த மதிப்பை எடையால் வகுத்தால் கிலோ விலை வந்துவிடும் என்று நினைப்பு. இங்கேதான் கால் இடறும். சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்த உலக நாடுகள் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் பட்டைக்கான தலைப்பு 0906. அதில் பொடிக்காத, இடிக்காத சரக்குக்கு இரண்டு உட்பிரிவுகள். 0906.11 என்பது சின்னமோமம் சைலானிகம், அதாவது இலங்கைக் கறுவா இனம். 0906.19 ‘மற்றவை’, பெரும்பாலும் கேசியா வகைகள், அதாவது இதே குடும்பத்து வேறு மரங்களின் தடித்த பட்டைகள். இந்தப் பிரிவினையே 2007 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய தரவில் எல்லாம் ஒரே கலவை. பிரித்த பிறகும் அப்படியே நம்பிவிட முடியாது. மடகாஸ்கரிலிருந்து வருவதும் கறுவா இனம்தான், அதே 0906.11-இல்தான் சேரும். ஆனால் அதில் பெரும்பகுதி குழலாகச் சுருட்டாத முரட்டுப் பட்டை. அதன் விலை இலங்கைக் குழலின் பக்கத்தில்கூட வராது. ஆகவே யாராவது ‘உலகச் சராசரி விலை’ என்று ஒரு எண்ணைக் காட்டினால், எந்த உட்பிரிவு, எந்த நாட்டுச் சரக்கு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இனி இலங்கைக் கறுவா. அதற்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கைவேலைக்குப் போகிறது. மழை பெய்து தண்டில் சாறு ஏறியிருக்கும்போது கட்டைவிரல் பருமன் தண்டுகளை வெட்டுவார்கள். மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்தால் உள்பட்டை கட்டையிலிருந்து விட்டுக்கொடுக்கும். நீளவாக்கில் கீறி, சிறு கத்தியை உள்ளே விட்டு நெம்பி, கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். உரித்ததை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 42 அங்குலக் குழலாக நீட்டி, உடைந்த சிறு துண்டுகளை உள்ளே அடைத்து, நிழலில் கயிற்றுப் பரண்மேல் காயவைத்து, காயக் காய உருட்டி இறுக்குவார்கள். இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு. பல தோட்டங்களில் உரிப்பவருக்கு நாள்கூலி இல்லை, விளைச்சலில் பங்கு. அது பாதிவரைகூடப் போவதுண்டு. விலை ஏறினாலும் வரத்து உடனே கூடாததற்கு மரம் காரணமில்லை, ஆள்தான் காரணம்.

தரம் பிரிப்பதும் கண்ணால்தான். குழலின் விட்டம், நிறம், மேலே ஃபாக்சிங் என்று சொல்லப்படும் செம்பழுப்புத் திட்டு எவ்வளவு என்பவைதான் அளவுகோல். உச்சியில் ஆல்பா: விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கிலோவுக்கு 45 முழுக் குழலாவது தேற வேண்டும். அடுத்து கான்டினென்டல் என்கிற சி வரிசை, பிறகு மெக்சிகன் என்கிற எம் வரிசை, கடைசியில் தடித்த குழல்களான ஹாம்பர்க், அதாவது எச் வரிசை. ஒரு காலத்தில் எது எந்தச் சந்தைக்குப் போனது என்று பெயரே சொல்லிவிடுகிறது. இன்றைக்கும் இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்குவது மெக்சிகோதான்.

சி வரிசையில் ஒரு தரமான சி5-ஐவிட ஆல்பா கணிசமாகக் கூடுதல் விலை போகும். மணமும் அந்த அளவுக்குக் கூடுமா என்றால், கூடாது. மெல்லிய குழலுக்கு இளந்தண்டும் தேர்ந்த கையும் வேண்டும், அதற்குத்தான் காசு. கண்ணாடிக் குப்பியில் அடுக்கிக் காட்டி விற்கிற சரக்கென்றால் ஆல்பா வாங்கலாம். கொதிக்கவோ அரைபடவோ போகிற சரக்குக்கு ஆல்பா வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கேசியாவில் கதை வேறு. அங்கே பேரத்தின் மையம் பட்டைக்கு மணம் தரும் எண்ணெய். சுமத்ராவின் கெரிஞ்சி மலைப்பகுதியிலிருந்து வரும் பட்டைக்கு வணிகத்தில் கொரிஞ்சே என்று பெயர். இனம் சின்னமோமம் பர்மன்னி. பத்து வருடமும் அதற்கு மேலும் வளர்ந்த மரத்தையே சாய்த்து உரிக்கிறார்கள். முதிர்ந்த அடிமரப் பட்டை ஏ தரம். இளமரமும் கிளையும் பி, சி என்று இறங்கும். வியட்நாமில் யென் பாய், குவாங் நாம் பகுதிகளின் பட்டையில் ஆவியாகும் எண்ணெய் 3 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். இலங்கைக் கறுவாவில் அது 1 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அமெரிக்காவில் ‘சைகோன் சின்னமன்’ என்று விற்பது இந்த வியட்நாம் பட்டைதான், சைகோனில் ஒரு மரமும் கிடையாது. சீனத்தின் குவாங்சி, குவாங்டோங் சரக்கு பெரும்பாலும் விலைப் பட்டியலின் அடிவரிசையில் இருக்கும்.

கேசியா விவசாயிக்கு மரம் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. விலை பிடிக்கவில்லையென்றால் வெட்டாமல் விட்டுவிடலாம். மரம் தடித்துக்கொண்டே போகும், பட்டையும் கெட்டுப்போகாது. விலை நிறைய காலம் படுத்துக்கிடந்தால் மறுநடவு நின்று வேறு பயிர் வந்துவிடும், அதன் பாதிப்பு பல வருடம் கழித்துத்தான் சந்தையில் தெரியும். அதனால் கேசியா விலை மெதுவாக நகரும், நகர ஆரம்பித்தால் நீண்ட தூரம் போகும்.

இந்த இரண்டு பட்டைகளின் போட்டி புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் விலை இறங்காமலிருக்க இலங்கைக் கறுவாவைத் தன் கையில் வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆம்ஸ்டர்டாமில் தன் கிடங்குச் சரக்கையே கொளுத்தியது. பிறகு இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சியில் 1833-இல் கறுவா ஏகபோகம் ஒழிந்தது, ஆனால் கறுவா மீதான ஏற்றுமதி வரி கனமாகவே இருந்தது. வாங்குபவர்கள் கேசியா பக்கம் சாய்ந்தார்கள். சாய்ந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

விலைப்புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் இன்னும் சில விஷயங்கள். முழுப் பட்டையில் பாதி காற்று. எடை நிறைவதற்கு முன்பே கன்டெய்னரில் இடம் தீர்ந்துவிடும். அதனால் கிலோவுக்கு விழும் கப்பல் கட்டணம் பொடியைவிட அதிகம். 2021-இல் ஆசியாவிலிருந்து கிளம்பும் கன்டெய்னர் கட்டணம் தாறுமாறாக ஏறியபோது மலிவுக் கேசியாக் குழல்தான் அதிகம் அடிபட்டது. அதே ஏற்றம் ஆல்பாவின் விலையில் சில்லறை. எனவே எஃப்.ஓ.பி. விலையையும் (கப்பலில் ஏற்றுவதுவரை மட்டும்) சி.ஐ.எஃப். விலையையும் (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது) பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஈரப்பதம் இன்னொன்று. 18 சதவீத ஈரத்தோடு வரும் ஒரு டன்னில் காய்ந்த சரக்கு 820 கிலோ. 13 சதவீதமென்றால் 870. வித்தியாசம் 50 கிலோ; அவ்வளவு தண்ணீருக்கும் பட்டை விலை கொடுக்கிறீர்கள், போதாக்குறைக்குப் பூஞ்சையும் வந்து சேரும். ஒப்பந்தத்தில் ஈரப்பத உச்சவரம்பு எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெட்டிய துண்டு வேண்டுமா, முழு நீளம் போதுமா என்பதும் விலையை நகர்த்தும். 42 அங்குலத்தை 3 அங்குலமாக வெட்டும்போது உதிரும் நுனிகளும் உடைசல்களும் குறைந்த விலைக்குத்தான் போகும். அந்த நஷ்டத்தை உங்கள் துண்டின் மேல்தான் ஏற்றுவார்கள்.

எந்த நாட்டில் விற்கப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. ஐரோப்பா என்றால் கூமரின் பேச்சு கட்டாயம் வரும்; பட்டையில் இயல்பாகவே இருக்கும், அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாத பொருள் அது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பது அங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு. கேசியாவில் கூமரின் கணிசமாக உண்டு, இலங்கைக் கறுவாவில் மிகச் சொற்பம். ‘சிலோன் சின்னமன்’ என்ற பெயருக்கு 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, ஆகவே அந்தப் பெயரை இஷ்டத்துக்கு ஒட்ட முடியாது. அமெரிக்காவிலோ கேசியாவையும் சின்னமன் என்றே விற்கலாம். அங்கே 2023-இல் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் சேர்த்த பட்டைப் பொடியில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. பொடியில் நடந்த கலப்படம்தான், ஆனாலும் முழுப் பட்டைக்கும் கன உலோகப் பரிசோதனை அறிக்கை கேட்பது நல்லது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இனி உங்கள் மூன்று தாள்கள். மூவருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள்: தாவர இனம், தரம், விட்டம் அல்லது எண்ணெய் சதவீதம், ஈரப்பதம், துண்டு நீளம், எந்தத் துறைமுகம்வரை விலை. கூடவே அரைக் கிலோ சாம்பிள். வந்ததும் ஒரு குழலை நடுவில் உடைத்து முனையைப் பாருங்கள். மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக, உள்ளே துண்டுகள் நிரம்பியிருந்தால் கறுவா, கையாலேயே நொறுங்கும். ஒரே தடித்த பட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் சுருண்டு நடுவில் வெற்றிடம் இருந்தால் கேசியா, உடைக்கவே சிரமப்படுவீர்கள். உங்கள் உபயோகம் அரைப்பதும் வடிப்பதும்தான் என்றால் ஒவ்வொரு விலையையும் அதனதன் எண்ணெய் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், வியட்நாம் பெரும்பாலும் ஜெயித்துவிடும். குழலாகவே விற்கப்போகிறீர்கள், மென்மையான மணம் வேண்டும் என்றால் இலங்கையிலிருந்து சி5-க்கும் எம்5-க்கும் தனித்தனி விலை வாங்குங்கள். இப்போது வந்திருக்கும் இலங்கை விலை எந்தத் தரத்துக்கு என்று அந்தத் தாளில் இல்லை. நான்கு மடங்கு என்றால் சி வரிசையாக இருக்கலாம், அதைக் கேட்டு உறுதிசெய்த பிறகு பேரத்தைத் தொடங்குங்கள்.