தூர்வாரியும் கண்மாயில் தண்ணீர் நிற்கவில்லையா? வரத்துக்காலில் ஏறி நடந்து பாருங்கள்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் சுமார் 40 ஏக்கர். மழையை மட்டும் நம்பியது, ஆற்றுத் தண்ணீர் வராது. தலைக்கட்டு வரி போட்டுத் தூர்வாரினோம். நல்ல மழை பெய்தும் பாதிகூட நிறையவில்லை. நின்ற தண்ணீரும் தை முடிவதற்குள் வற்றிவிட்டது. இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்கிறார்கள். தோண்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பொக்லைனுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடாதீர்கள். உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் சரியாக வரவில்லை, வந்ததும் தங்கவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

முதலில் வரத்து. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர். உங்கள் கண்மாய்க்கு மேலே 500 ஏக்கர் நீர்ப்பிடிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை. மண் குடித்தது போகப் பத்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் ஒரு கோடி லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் 40 ஏக்கரில் பரப்பினால் இரண்டரை அங்குலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் கண்மாய் பெருகுகிறது. மழைநீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் ஓரிடத்தில் அடைபட்டாலே அதில் பாதி போய்விடும். பள்ளத்தைப் பெரிதாக்கி அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

அதனால் முதல் வேலை நடைதான். நல்ல மழை விட்ட கையோடு, கண்மாயில் தண்ணீர் வந்து சேரும் பக்கமான உள்வாயிலிருந்து வரத்துக்காலின் தலைப்பு வரை நடந்து போங்கள். மடை திறந்து பழகிய பெரியவர் ஊரில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் நில விவரம் உள்ள அ-பதிவேடும் பார்த்து, ஓடைப் புறம்போக்கு எங்கெங்கே போகிறது என்று முன்பே குறித்துக்கொள்வது நல்லது. தண்ணீர் ஓடும்போதுதான் அது எங்கே திரும்புகிறது, எங்கே தேங்குகிறது என்பது தெரியும். வெயில் காலத்தில் நடந்தால் இதில் பாதி கண்ணில் படாது.

சாலை குறுக்கிடும் இடத்தில் கட்டாயம் நின்று பாருங்கள். பாலத்துக்குப் பதில் சிமெண்ட் குழாய் பதித்திருப்பார்கள். குழாயின் அடி, வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கும். சாதாரண மழைக்கு வரும் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறாது. சாலையோரப் பள்ளத்தில் திரும்பி வேறெங்கோ போய்விடும். பெருமழைக்கு மட்டும்தான் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். இந்த ஒரு குழாயை இறக்கிப் பதிப்பது உள்ளே மண் அள்ளுவதைவிடப் பலமடங்கு பயன் தரும். சாலை யாருடையது என்று பார்த்து, ஊராட்சி ஒன்றியத்திலோ நெடுஞ்சாலைத் துறையிலோ படத்துடன் மனுக் கொடுங்கள்.

அப்புறம், வரத்துக்காலை யாராவது உழுது வயலோடு சேர்த்திருந்தால், சண்டைக்குப் போகாமல் வட்டாட்சியரிடம் நில அளவை கேளுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையின் கையில். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் அந்தப் பெரிய கண்மாய்களுக்கானது. மற்ற புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது.

அடுத்தது, தண்ணீர் ஏன் தங்கவில்லை? மழை இல்லாத ஒரு வாரத்தில் மடையை மூடிவிட்டு, எந்த மோட்டாரும் உறிஞ்சாதபோது, அளவு குறித்த கம்பு ஒன்றை நட்டுத் தினமும் காலையில் பாருங்கள். கோடையில் வெயிலுக்கே நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் போகும். மார்கழி, தையில் அதைவிடக் குறைவு. அந்த மாதங்களில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் தரையில் கசிகிறது என்று அர்த்தம்.

தூர்வாரியபோது வண்டலோடு நிறுத்தாமல், அடியிலிருந்த களிமண்ணையும் வெட்டிச் சரளை தெரியும்வரை போயிருக்கலாம். அந்தக் களிதான் தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பது. இன்னும் ஆழம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான். சரளை தெரியும் இடங்களில் களிமண் பரப்பி, ஈரம் போட்டு, நன்றாகத் திமிசு போட்டு இறுக்குங்கள். இரண்டு மூன்று வெள்ளத்தில் வரும் வண்டலும் மெல்ல அடைக்கும். ஆனால் கண்மாய் வற்றும்போது ஆயக்கட்டுக் கிணறுகளில் மட்டம் ஏறியிருந்தால், அந்தக் கசிவை வீண் என்று நினைக்காதீர்கள். கிணற்றுப் பாசனம் நடக்கும் ஊருக்கு அது சேமிப்பு.

மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமானால் கரையை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் சிறு பள்ளம் போதும். கரையடியில் தோண்டினால் கரை சரியும். இனி வண்டல் எடுப்பதானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி விவசாயிகளே தங்கள் வயலுக்கு எடுத்துக்கொள்ளட்டும். கரையில் சீமைக்கருவேலம் இருந்தால் மழைக்கு முன் அவசரமாக வேரோடு பிடுங்க வேண்டாம். வேர் இருந்த துளை வழியே தண்ணீர் புகும். கோடையில் எடுத்து, குழியை மண்ணிட்டு இறுக்கிவிட்டு, பனை விதை போடுங்கள்.

மேட்டு நிலத்திலிருந்து செம்மண் அரித்து வருவது நிற்காவிட்டால் நான்கைந்து வருடத்தில் கண்மாய் மறுபடி மேடாகிவிடும். ஓடைகளில் மேலிருந்து கீழாக, கிடைக்கும் கல்லை அடுக்கிச் சிறு தடுப்புகள் போடுங்கள். சிமெண்ட் தேவையில்லை. நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு பக்கவாட்டில் போகும். மண் தங்கட்டும், தண்ணீர் வரட்டும். ஆனால் பெரிய தடுப்பணையும் பண்ணைக்குட்டையும் மேலே அளவில்லாமல் பெருகினால் உங்கள் கண்மாய்க்கு ஒன்றும் மிஞ்சாது. அதே நியாயம் உங்களுக்கும் உண்டு. உபரித் தண்ணீர் வழியும் கலிங்கின்மேல் மணல் மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்தாதீர்கள். அப்படி வழிந்து போகும் உங்கள் மறுகால்தான் அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்து. உள்வாயில் பட்டா நிலம் உள்ளவர்களின் பயிரும் மூழ்கும்.

ஆடியில் குழாயையும் வரத்துக்காலையும் சரிசெய்துவிட்டால், இந்த ஐப்பசி மழையிலேயே வித்தியாசம் தெரியும். அந்த ஒரு பருவத்தை அளவுக் கம்போடு பார்த்துவிட்டு, தோண்டுவதா வேண்டாமா என்று அடுத்த கோடையில் ஊர்க்கூட்டத்தில் முடிவெடுங்கள்.