ஐ.பி. கொடுத்த மாஸ்டர்

கேள்வி: ஆசிரியர் சார், லீவுல பையனோட உக்காந்து ஐ.பி. மேன் படம் நாலு பார்ட்டும் பாத்து முடிச்சேன். நிஜத்துலயும் அவர் ஒரே நேரத்துல பத்து ஜப்பான்காரங்களை அடிச்சாரா? அவரைப் பத்தி கொஞ்சம் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அடிக்கலை சார். அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

ஆனா 'ஐ.பி. மேன்'னு புள்ளி வச்சு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். வியாபார ஊர்க்காரர் நீங்களே இப்படி எழுதலாமா? சீட்டு நடத்தினவர் ஒருநாள் காலையில கடையைத் திறக்கலைன்னா பக்கத்து கடைக்காரர் என்ன சொல்வார்? 'ஐ.பி. கொடுத்துட்டாராம்', அதாவது திவால். அப்புறம் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் மஞ்சக் கடுதாசி. மாஸ்டர் பேரு இப் மேன். இப்-ங்கறது குடும்பப் பேரு, சீனாக்காரங்க அதை முன்னாடி போடுவாங்க. இவ்வளவையும் திருத்திட்டு யோசிச்சுப் பாத்தா, நீங்க வச்ச புள்ளி சரியான இடத்துலதான் விழுந்திருக்குன்னு தோணுது. அந்த மனுஷன் வாழ்க்கையில அடிதடியைவிட வரவு செலவுதான் ஜாஸ்தி.

தெற்கு சீனாவுல குவாங்டாங் மாகாணம், ஃபோஷான்னு ஊரு. 1893-ல பொறந்தார். நல்ல வசதியான குடும்பம், ஊர்ல பெரிய சொத்து. அவருக்கு விங் சுன்ங்கிற குங்ஃபூ வகையைச் சொல்லிக்கொடுத்த சான் வா ஷுன் யாருன்னா, காசு மாத்திக்கொடுக்கிற தொழில் பாத்தவர், ஊர்ல அவரைக் கூப்பிடறதே அந்தத் தொழில் பேரைச் சேத்துதான். ஃபீஸ் ஜாஸ்தி. பையன் வெள்ளிக்காசைக் கொண்டுபோய் முன்னாடி வச்சதும், இது எங்கயோ திருடின காசுன்னு சந்தேகப்பட்டு மாஸ்டர் நேரா அப்பா அம்மாகிட்ட விசாரிக்கப் போனார்னு ஒரு கதை சொல்வாங்க. கதையா இருந்தாலும் எனக்குப் பிடிச்ச கதை, காசு மாத்துறவர் காசைப் பாத்து சந்தேகப்படலைன்னாதான் ஆச்சரியம். அந்த மாஸ்டரோட கடைசி சிஷ்யன் நம்மாளு. அவர் செத்தப்புறம் சீனியர் மாணவர் ஒருத்தர்கிட்ட பாடத்தைத் தொடர்ந்தார். அப்ப ஃபோஷான்ல விங் சுன்னா பணக்கார வீட்டுப் பசங்க கத்துக்கிற வித்தை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

பதின்ம வயசுல படிக்க ஹாங்காங் போறார், செயின்ட் ஸ்டீபன்ஸ் காலேஜ். அங்க ஒரு பெரியவர்கிட்ட சண்டை போட்டு ரெண்டு தடவை தோத்து, கடைசியில பாத்தா அவர்தான் தன் மாஸ்டரோட மாஸ்டருக்கு மகன், லியுங் பிக், அவர்கிட்டயும் கத்துக்கிட்டார்னு சொல்றாங்க. இதை நம்பாதவங்க விங் சுன்காரங்களுக்குள்ளேயே இருக்காங்க. நானும் அந்தக் கட்சிதான். திமிர் பிடிச்ச இளைஞன், அமைதியான கிழவர், ஒரு அடி, உடனே கால்ல விழறது – இந்த சீன் இல்லாத குரு சிஷ்யக் கதையை யாராவது காட்டினா இந்தப் பத்திரிகைக்கு ஒரு வருஷ சந்தா இலவசம்.

ஊர் திரும்பினார், கல்யாணம், குழந்தைங்க, ஃபோஷான்ல போலீஸ் வேலை. வித்தையை ஊரைக் கூட்டி சொல்லிக்கொடுக்கல, ஸ்கூல் வைக்கல. அவசியமே இல்ல, வீட்ல காசு இருக்கு.

அப்புறம் ஜப்பான்காரன் வர்றான். சொத்து போச்சு, பசி வந்துச்சு, அது உண்மை. அந்தக் காலத்துல தெரிஞ்சவர் ஒருத்தரோட பஞ்சு மில்லுல விரல்விட்டு எண்ணக்கூடிய நாலைஞ்சு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார், அதுவும் உண்மை. பத்து கராத்தேக்காரங்க, ஜெனரல், மேடை, துப்பாக்கிக் குண்டு, இதெல்லாம் 2008-ல படத்துல இப் மேனா நடிக்க டோனி யென் வந்தப்புறம் நடந்தது. எனக்கு அந்த ஃபைட்ல ஆட்சேபணை இல்ல சார், பிரமாதமா எடுத்திருக்காங்க. என் ஆட்சேபணை அரிசியில. ஒருத்தனை ஜெயிச்சா ஒரு மூட்டை அரிசி, அதான் அங்க ரேட்டு. பத்து பேரை அடிச்சா பத்து மூட்டை. வீட்ல அடுப்பு எரியலை, பொண்டாட்டி புள்ள பட்டினி, இவர் பத்து பேரையும் சாய்ச்சுட்டு 'நான் அரிசிக்காக வரலை'ன்னு சொல்லிட்டுக் கிளம்பறார். தியேட்டர்ல விசில். ஆம்பளைங்க எழுதின வசனம்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. ஒரு பொம்பளை எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? வாசல்ல நின்னு முதல்ல காயம் எங்கன்னு பாப்பாங்க, ரெண்டாவது கை காலியா இருக்கிறதைப் பாப்பாங்க, 'பத்து பேரை அடிச்சீங்களாமே, எதிர்வீட்டுல சொன்னாங்க, மூட்டை எங்க?'ன்னு கேப்பாங்க. 'தன்மானம்'னு இவர் ஆரம்பிச்சதும் 'அதை எத்தனை விசில் விட்டு இறக்கணும்?'னு அடுத்த கேள்வி. பதினோராவது ஃபைட் அங்க நடந்திருக்கும், அதுல மாஸ்டர் ஜெயிச்சிருக்க மாட்டார். அந்த சீனை எடுத்திருந்தா நானும் எழுந்து நின்னு கை தட்டியிருப்பேன்.

சினிமா பக்கம் எழுதுற நம்ம நண்பர் இதைப் படிச்சா வழக்கம்போல 'லாஜிக் பாக்காதீங்க'ன்னு சண்டைக்கு வருவார். வரட்டும். வாழ்க்கை வரலாறுன்னு போஸ்டர் அடிக்கிறவங்க கொஞ்சம் வரலாறும் போடணும்னு நான் கரடியா கத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.

நாலு பார்ட்டும் பாத்தீங்கல்ல, வில்லன் லிஸ்ட்டை எடுங்க. முதல்ல ஜப்பான் ஜெனரல். அடுத்து பிரிட்டிஷ் பாக்ஸர். மூணாவதுல மைக் டைசன். நாலாவதுல அமெரிக்க ராணுவக்காரன். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நிஜத்துல அவரை ஊரை விட்டு ஓட வச்சது யாரு? ஜப்பான்காரன் 1945-லயே மூட்டை கட்டிட்டான். அதுக்கப்புறம் இவர் கோமின்டாங் கட்சி ஆட்சியில போலீஸ் அதிகாரி. 1949-ல மாவோ கட்சி ஜெயிச்சு வருது, பழைய ஆட்சி போலீசுக்கு அங்க என்ன மரியாதை கிடைக்கும்னு அவருக்குத் தெரியும், அதான் மக்காவ் வழியா ஹாங்காங் ஓடி வந்தார். இதைப் படத்துல சொன்னா பெய்ஜிங்ல ஒரு தியேட்டர்கூட கிடைக்காது. அதனால ஜப்பான்காரன் தலையில போட்டாச்சு, அவன் கேஸ் போடப் போறதில்ல.

மனைவி சியுங் விங் சிங் ஃபோஷான்லயே இருந்தாங்க. 1951-ல சீனா-ஹாங்காங் எல்லையை மூடிட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்ல, 1960-ல அந்தம்மா இறந்துட்டாங்க. ரெண்டு மகன்களும் 1962-லதான் அப்பாகிட்ட வந்து சேந்தாங்க. படத்துல அந்தம்மா ஹாங்காங்ல அவர் கூடவே குடும்பம் நடத்துறாங்க. தனியா இருந்த காலத்துல ஷாங்காய்ல இருந்து வந்த இன்னொரு பெண்ணோட வாழ்ந்தார், அபின் பழக்கம் இருந்துச்சுன்னு அவர்கிட்ட படிச்சவங்களே சிலர் சொல்லியிருக்காங்க, அதுக்கெல்லாம் டோனி யென்கிட்ட கால்ஷீட் இல்லபோல.

சரி, ஹாங்காங் வந்தாச்சு. வயசு 56. கையில சல்லி கிடையாது. நம்ம கடைத்தெரு பாஷையில சொன்னா முழு ஐ.பி. 1950-ல ஷாம் ஷுய் போங்கிற ஏழைப்பட்ட ஏரியாவுல ஹோட்டல் தொழிலாளர் சங்கத்து ஆபீசுல வகுப்பு ஆரம்பிக்கிறார். யாருக்கு? டீ ஊத்துறவங்க, தட்டு எடுக்கிறவங்க, சமையல்கட்டு ஆளுங்களுக்கு. அங்க சங்கத்துல இருந்த லியுங் ஷியுங் ஏற்கனவே வேற குங்ஃபூ தெரிஞ்ச பெரிய உடம்புக்காரர், இந்த ஒல்லிப்பிச்சானைப் பாத்து முதல்ல சிரிச்சார், கை வச்சுப் பாத்தப்புறம் முதல் சிஷ்யன் ஆனார். (ஆமா, இதுவும் அதே சீன்தான். ஆனா இங்க தோத்தவரே காலம் பூரா கூட இருந்து பாடம் நடத்தினார், அதனால இதை நம்பறேன், சந்தா மட்டும் கிடையாது.)

இப்ப முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னதை எடுங்க. ஃபோஷான்ல வெள்ளிக்காசு வச்சாத்தான் கிடைச்ச வித்தை, சொல்லிக்கொடுக்கிறவருக்கு வாடகை கட்டணும்ங்கிற ஒரே காரணத்தால சர்வர் பசங்க கைக்கு வந்துச்சு. அவர் சொத்து மட்டும் கரையாம இருந்திருந்தா விங் சுன்னு ஒண்ணு இருக்கிறதே ஃபோஷான் தாண்டித் தெரிஞ்சிருக்காது. ஒவ்வொரு இடமா வகுப்பு மாறுச்சு, ஆளு சேர்றதும் நிக்கிறதுமா இருந்துச்சு. மரத்துல கை கால் வச்ச டம்மியைப் பாத்திருப்பீங்கல்ல, ஊர்ல அதைத் தரையில குழி தோண்டி நட்டு வைப்பாங்க. ஹாங்காங் மாடி வீட்டுல எங்க குழி தோண்டறது, கீழ்வீட்டுக்காரன் மண்டையிலயா? அதனால சுவத்துல சட்டம் அடிச்சு அதுல மாட்டுற மாதிரி பண்ணினாங்க. அடிச்சா லேசா ஆடிட்டுத் திரும்பி வரும். இன்னைக்கு உலகம் பூரா ஜிம்முல வாங்கி மாட்டறது இந்த வாடகை வீட்டு மாடல்தான்.

புரூஸ் லீ? வராம இருப்பாரா. ஐம்பதுகள் நடுவுல பையனா வந்து சேந்தார், பெரும்பாலும் அவருக்கு சொல்லிக்கொடுத்தது சீனியர் வோங் ஷுன் லியுங், 1959-ல புரூஸ் லீ அமெரிக்கா கிளம்பிட்டார். மாடிப்படியில நின்னு மத்த பசங்ககிட்ட 'இன்னைக்கு சார் இல்ல, கிளாஸ் கிடையாது'ன்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டு இவர் மட்டும் மேல போய் தனியா பாடம் கேப்பாராம். புரூஸ் லீ பத்தின கதைகள்ல நான் முழுசா நம்புறது இது ஒண்ணுதான். பின்னாடி பெரிய ஸ்டார் ஆனப்புறம், வித்தை முழுசையும் செஞ்சு காட்டுங்க, ஃபிலிம் எடுத்துக்கறேன், பதிலுக்கு ஃபிளாட் வாங்கித் தர்றேன்னு கேட்டாராம், கிழவர் முடியாதுன்னுட்டாராம். குடும்பத்து ஆளுங்க சொன்னதா வர்ற கதை. வாழ்நாள் முழுக்க வாடகைக்கு அலைஞ்ச ஆளு ஃபிளாட்டை வேண்டாம்னார்னா, அந்த அரிசி மூட்டை சீனை எழுதினவன் இதைக் கேட்டுட்டுதான் எழுதினானோ என்னவோ.

தொண்டையில கேன்சர். 1972 டிசம்பர் 2-ல மோங் கோக் வீட்டுல இறந்தார். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி மகன்கள் 8 எம்.எம். கேமராவுல அவர் டம்மி அடிக்கிறதைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க, யூடியூப்ல கிடைக்குது, பையனுக்கு அதைப் போட்டுக் காட்டுங்க. ஒல்லியான தாத்தா ஒருத்தர், வேகம் கிடையாது, சத்தம் கிடையாது. அஞ்சு நிமிஷம்கூட உங்க பையன் உக்கார மாட்டான்.

அவர் போனதும் எது அசல், யார் வாரிசுங்கிற பஞ்சாயத்து. நேரடி சிஷ்யர் ஒருத்தர் 1986-ல ஜெர்மனியில கொலோன் நகரத்துல வகுப்பு எடுத்துக்கிட்டிருந்தப்ப, வேற சிஷ்யர் வழியில வந்த இளைஞர் ஒருத்தர் உள்ள புகுந்து சவால் விட்டு, ரெண்டு பேரும் தரையில கட்டிப் புரண்டாங்க. வீடியோ இருக்கு. அதுல விங் சுன் எங்கன்னு தேடித் தேடி என் கண்ணாடி நம்பர் கூடினதுதான் மிச்சம்.

நிஜ சண்டை அப்படித்தான் சார். 1953 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ராத்திரி, இதே மாஸ்டர் இருந்த பக்கம், ஷேக் கிப் மேயில குடிசைகள் எரிஞ்சு 50,000 பேருக்கு மேல தெருவுக்கு வந்தாங்க. அவங்களுக்கு நிதி திரட்ட தாய் சி பாணி மாஸ்டர் ஒருத்தருக்கும் வெள்ளைக் கொக்குங்கிற குங்ஃபூ பாணி மாஸ்டர் ஒருத்தருக்கும் நேருக்கு நேர் சண்டைன்னு அறிவிச்சாங்க. ஹாங்காங்ல அனுமதி கிடையாது, அதனால மக்காவ்ல, 1954 ஜனவரி 17. ஊரே பேசுது. ரெண்டாவது ரவுண்டுலயே நிறுத்திட்டாங்க. தீர்ப்பு என்ன தெரியுமா? யாரும் ஜெயிக்கலை, யாரும் தோக்கலை, டிராவும் இல்லையாம். நம்ம ஊர் கூட்டணிப் பேச்சுவார்த்தை அறிக்கைகூட இவ்வளவு தெளிவா இருந்ததில்ல.

ஆனா ஹாங்காங்ல ஒரு சாயங்காலப் பேப்பர் ஆசிரியர் இருந்தார் பாருங்க, அந்த ஆள்தான் எனக்கு மாஸ்டர். ஜனங்க இன்னும் அதையே பேசுறாங்கன்னு கவனிச்சு, ஆபீசுல வேலை பாத்த லியாங் யூஷெங்கைப் பிடிச்சு, வாள் சண்டைத் தொடர்கதை எழுதுன்னு உக்கார வச்சார். மூணே நாள்ல, 20-ம் தேதி, தொடர் ஆரம்பம். அடுத்த வருஷம் அதே பேப்பர்ல ஜின் யோங்னு இன்னொருத்தர் ஆரம்பிச்சு, பின்னாடி தொடர்கதையை வச்சே சொந்தமா ஒரு பேப்பரை நிலைநிறுத்தினார். கொஞ்ச நேரத்துல முடிஞ்ச உப்புசப்பில்லாத ஒரு சண்டையில இருந்து ஒரு இலக்கியமே கிளம்புச்சு. இங்க என்னடான்னா 'தொடர்கதைக்கு இந்தக் காலத்துல யார் சார் காத்திருப்பா'ன்னு நிர்வாகத்துல இருந்து எனக்கு பாடம் எடுக்கறாங்க.

மூணு நாள்ல தொடர் ஆரம்பிக்கத் துணிச்சல் உள்ளவங்க யாராவது இருந்தா ஆபீசுக்கு போன் போடுங்க. சண்டைக்கு ஆள் தேட வேண்டியதில்ல, நம்ம சினிமா நண்பரும் புரூஃப் பாக்கிறவரும் போன தீபாவளி மலர்ல இருந்து பேசிக்கறதில்ல.