ஹெக்ஸில் தம்பியை வெல்வது எப்படி?

கேள்வி: ஹெக்ஸ் (அறுகோணக் கட்டப் பலகையில் எதிரெதிர்க் கரைகளைத் தன் காய்களால் முதலில் இணைப்பவர் வெல்லும் ஆட்டம்) விளையாடும்போதெல்லாம் தம்பி முதல் காயை நட்ட நடுவில் வைத்து வென்றுவிடுகிறான். எனக்கு வழியே இல்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தம்பி கெட்டிக்காரன்தான், ஆனால் அதில் பாதி அந்த முதல் காயின் கெட்டித்தனம். 1942இல் டென்மார்க்கின் பீட் ஹைன் உருவாக்கி, சில வருடங்களில் அமெரிக்காவில் ஜோன் நாஷும் தனியாகக் கண்டுபிடித்த இந்த ஆட்டத்தில் சமநிலை என்பதே கிடையாது, பலகை நிரம்பினால் யாரோ ஒருவரின் காய்கள் கரைக்குக் கரை சேர்ந்தே இருக்கும். முதலில் ஆடுபவருக்கு வெல்லும் வழி உண்டென்று நாஷ் நிரூபித்தார், எந்த வழி என்று அந்த நிரூபணம் சொல்லாது (கணிதக்காரரின் குறும்பு!).

சரி, இனி மாற்று விதி கேளுங்கள். அவன் முதல் காயை வைத்ததும், விரும்பினால் நீங்கள் அவனுடைய பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் நடுவில் வைப்பானா பாருங்கள்.

இன்னொன்று, காய்களை ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு காய்களுக்கும் பொதுவாக இரண்டு வெற்றுக் கட்டங்கள் இருக்கும்படி தள்ளி வைத்தால், அவன் ஒன்றை அடைக்கும்போது மற்றதில் நீங்கள் வைத்து இணைத்துவிடலாம். பலகை தேடி புறக்கோட்டைக்கெல்லாம் அலைய வேண்டாம், கொப்பித் தாளில் 11க்கு 11 அறுகோணங்கள் கீறி, பயறும் கடலையும் எடுத்தால் போதும்.