ஒரு மெயில்பாக்ஸுக்காக முழு சர்வரையும் ரீஸ்டோர் செய்ய வேண்டுமா?

கேள்வி: மண்ணடியில் கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம் நடத்துகிறோம் சார். ஒரு சர்வரில் பில்லிங்குக்கான மூன்று எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸ்கள், இன்னொன்றில் மெயிலுக்கான எக்ஸ்சேஞ்ச். தினமும் இரவில் இரண்டையும் முழுதாக பேக்கப் எடுக்கிறோம். பத்து நாள் முன்பு, வேலையை விட்டுப் போன பையனின் மெயில்பாக்ஸை அழித்துவிட்டோம். இப்போது அதிலிருந்த மெயில்கள் வேண்டும். முழு சர்வரையும் ரீஸ்டோர் செய்தால்தான் வரும் என்கிறார் சர்வீஸ் இன்ஜினியர். எல்லாவற்றையும் தனித்தனியாக பேக்கப் எடுக்க முடியாதா?

பதில்: முதலில் அந்த ரீஸ்டோரை நிறுத்தச் சொல்லுங்கள். அதைச் செய்தால் மற்ற எல்லோருடைய பத்து நாள் மெயிலும் போய்விடும். உங்களுக்கு வேண்டியது இன்னும் சர்வரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்சேஞ்சில் செட்டிங்கை யாரும் மாற்றவில்லை என்றால், அழித்த மெயில்பாக்ஸ் 30 நாள் அப்படியே இருக்கும். அட்மின் சென்டரில் மெயில்பாக்ஸ் பட்டியலுக்கு மேலே மூன்று புள்ளி இருக்கும். அதை அழுத்தி ‘கனெக்ட் எ மெயில்பாக்ஸ்’ போய், புதிதாக ஒரு யூசர் கணக்கோடு இணைத்தால் போதும். இன்றே செய்யுங்கள். அழிப்பதற்கு முந்தைய நாள் பேக்கப்பையும் புது பேக்கப் மேலெழுதிவிடாமல் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. டேட்டாபேஸுக்கும் மெயில்பாக்ஸுக்கும் என் பதில் ஒன்றல்ல.

மெயில்பாக்ஸை ஒவ்வொன்றாக பேக்கப் எடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. ஒவ்வொரு மெயிலாகத் திறந்து படித்து எடுப்பதால், இரவில் ஆரம்பித்தது காலையில் ஆபீஸ் திறக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நான் அதைச் சொல்ல மாட்டேன். எக்ஸ்சேஞ்சைப் புரிந்துகொள்ளும் பேக்கப் மென்பொருளால் மெயில்பாக்ஸ் டேட்டாபேஸை மொத்தமாக எடுங்கள். தேவைப்படும்போது பழைய நகலை ‘ரெக்கவரி டேட்டாபேஸ்’ ஆகப் பக்கத்தில் ஏற்றி, அதிலிருந்து ஒருவருடைய மெயிலை மட்டும் எடுக்கலாம். 2010 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது. டிஸ்க்கில் மட்டும் அந்த டேட்டாபேஸ் அளவுக்குக் காலியிடம் வேண்டும். அப்புறம், ஆள் வேலையை விட்டால் மெயில்பாக்ஸை பி.எஸ்.டி. ஃபைலாக (அவுட்லுக்கில் திறக்கக்கூடிய மெயில் ஃபைல்) எடுத்த பிறகே அழிக்க வேண்டும். 2018 விதிகள்படி கஸ்டம்ஸ் புரோக்கர் ஆவணங்களை ஐந்து வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த வேலை சம்பந்தமான மெயிலையும் அவற்றோடு சேர்த்து வைப்பதே நல்லது.

டேட்டாபேஸ் விஷயத்தில் நீங்கள் கேட்டதுதான் சரி. மூன்றையும் தனித்தனியாக, எஸ்.க்யூ.எல். சர்வரின் சொந்த பேக்கப் கட்டளையால் எடுங்கள். ஃபைலை காப்பி அடிப்பது பேக்கப் ஆகாது. கொருக்குப்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் பேக்கப் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். டேட்டாபேஸின் தகவல் இருக்கும் எம்.டி.எஃப். ஃபைல்கள் எல்லாவற்றிலும் ஒரே தேதி, நான்கு மாதம் பழசு. கரண்ட் வேலைக்காக சர்வீஸை நிறுத்திவைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளெல்லாம் ஃபைல் உபயோகத்தில் இருந்ததால் ஸ்கிரிப்ட் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்த அக்கவுண்டன்ட் அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பில்லிங் டேட்டாபேஸை ‘ஃபுல் ரெக்கவரி மாடல்’ ஆக்கி, இரவில் முழு பேக்கப்பும் பகலில் அரை மணிக்கு ஒரு முறை, டேட்டாபேஸில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் டிரான்ஸாக்‌ஷன் லாக் பேக்கப்பும் எடுங்கள். 11:42-க்கு யாரோ பில்களை அழித்துவிட்டால், 11:41 வரை திரும்பிப் போகலாம். லாக் பேக்கப் எடுக்காமல் இந்த மாடலில் மட்டும் விட்டுவிட்டால், லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்க்கையே நிரப்பிவிடும். எஸ்.க்யூ.எல். சர்வரின் சொந்த டேட்டாபேஸ்களான, லாகின்கள் இருக்கும் மாஸ்டரையும், தானாக ஓடும் ஜாப்கள் இருக்கும் எம்.எஸ்.டி.பி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீஸ்டோர் செய்யும்போது பழைய டேட்டாபேஸ் மேலேயே ஏற்றாமல், வேறு பெயரிலும் வேறு ஃபைல் பெயரிலும் ஏற்றி, வேண்டிய பில்களை மட்டும் எடுங்கள். இதை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை உண்மையாகவே செய்து பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள்.

பேக்கப் டிஸ்க் எங்கே இருக்கிறது? தரைத்தளத்தில், யு.பி.எஸ். பக்கத்தில், எப்போதும் செருகியே இருந்தால் அது போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் செருகியிருக்கும் டிஸ்க்கை விடாது. இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று எப்போதும் கழற்றிய நிலையில், மாடியிலோ வீட்டிலோ இருக்கட்டும்.