தையற்காரர் எதைத் தூக்கப் போகிறார்?

கேள்வி: நாங்கள் மூவர், காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். பத்து வாரத்துக்குள் பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வோர் அசைவையும் தனிப் படமாக எடுத்துக் கோக்கும் ஸ்டாப் மோஷன் முறையில் ஒரு குறும்படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தில் கடையை இழந்த ஒரு முதிய தையற்காரரைப் பற்றி எட்டு நிமிடத்துக்குக் கதை எழுதியிருக்கிறோம். ஒன்பது பாத்திரங்கள், உரையாடலும் நிறைய. படித்துப் பார்த்த ஆசிரியர், "சம்பவம் இருக்கிறது, ஆள் இல்லை" என்றார். பொம்மை செய்யத் தொடங்கும் முன் எதைச் சரிசெய்ய வேண்டும்?
– ஒரு மாணவி, தாம்பரம்

பதில்: முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். விநாடிக்கு 12 படம் என்று எடுத்தாலும் எட்டு நிமிடத்துக்கு 5,760 படங்கள் வேண்டும். புதிதாகத் தொடங்கும் மூவர் ஒரு நாள் முழுவதும் உழைத்து ஐந்து விநாடி எடுத்தாலே அது நல்ல வேலை. அந்த வேகத்தில் படப்பிடிப்புக்கு மட்டும் 96 நாட்கள் ஆகும். ஆகவே இரண்டு நிமிடம், ஒரே பாத்திரம் என்று முடிவு செய்யுங்கள். இதை இழப்பாக எண்ண வேண்டாம். ஒன்பது பேருக்குப் பகிர்ந்து கொடுத்த கவனம் முழுவதும் ஒருவருக்கே கிடைக்கும்போதுதான் உங்கள் ஆசிரியர் தேடிய 'ஆள்' கண்ணுக்குத் தெரியத் தொடங்குவார்.

உரையாடலையும் விட்டுவிடுங்கள். வாலஸ், குரோமிட் என்ற புகழ்பெற்ற பொம்மை இணை தோன்றிய முதல் படத்தை இயக்குநர் நிக் பார்க் 1982இல் இங்கிலாந்தின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் மாணவராக இருந்தபோது தொடங்கி, பிரிஸ்டலில் உள்ள ஆர்ட்மன் என்ற அனிமேஷன் நிறுவனத்தின் துணையோடு 1989இல்தான் முடித்தார். அதில் வரும் குரோமிட் என்னும் நாய் பேச வேண்டும் என்பதே அவருடைய முதல் எண்ணம். ஆனால் அதன் எஜமானர் வாலஸ் அறுக்கும் கதவைக் குரோமிட் முதுகில் தாங்கி நிற்கும் காட்சியை எடுத்தபோது, புருவத்தைச் சற்று அசைத்தாலே அதன் மனம் புரிந்துவிடுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். வாயே இல்லாத குரோமிட் அப்படித்தான் உருவானது. எழுதும் மேசையில் கிடைக்காத ஒரு பாத்திரம் பொம்மையைத் தொட்டு அசைத்த விரல்களுக்குக் கிடைத்தது என்பதால்தான் இந்த நிகழ்ச்சியை மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இனி உங்கள் தையற்காரரிடம் வருவோம். ஓடும் நீர் ஸ்டாப் மோஷனில் மிகக் கடினமானது. வெள்ளத்தைக் காட்ட முயன்றால் உங்கள் பத்து வாரமும் அதிலேயே கரைந்துவிடும். அதற்குப் பதிலாகக் கடைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறைக்கோட்டை மட்டும் வரைந்துவிடுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு வேறெதுவும் சொல்லாமலே அந்தக் கோடு சொல்லிவிடும். உங்கள் தையற்காரர் ஒவ்வொரு மாலையும் கடையை மூடும் முன் துணி, கத்தரி, பொத்தான் டப்பா என எல்லாவற்றையும் அந்தக் கோட்டுக்கு மேலே எடுத்து வைப்பவராக இருக்கட்டும். அவர் அஞ்சுகிறார் என்பதையும், எதை இழந்தார் என்பதையும் இந்த ஒரு பழக்கமே காட்டிவிடுகிறது அல்லவா? கோட்டுக்கு மேலே ஏற்ற முடியாத பொருள் ஒன்றே ஒன்று, அவருடைய மிதி தையல் இயந்திரம். ஒரு மாலை மழைச் சத்தம் கேட்கிறது. அவர் இயந்திரத்தைத் தூக்க முயல்கிறார். விருப்பம், தடை, குணம் மூன்றும் ஒரே செயலுக்குள் வந்துவிட்டன. அவர் தூக்கினாரா, தூக்க முடியாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாரா என்பதை நீங்கள் மூவரும்தான் தீர்மானிக்க வேண்டும்; அந்த முடிவில்தான் இது உங்கள் படம் ஆகும்.

கம்பியும் பிளாஸ்டிசின் என்னும் உலராத களிமண்ணும் கொண்டு செய்த பொம்மைக்கு எடை என்பது கிடையாது. அதை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். கனமான பொருளைத் தூக்குபவர் முதலில் காலை அகட்டி ஊன்றுகிறார், முழங்காலை மடக்குகிறார், ஒரு கணம் அப்படியே நிற்கிறார். அதன் பிறகுதான் கை அசைகிறது. உங்களில் ஒருவர் அரிசி மூட்டையைத் தூக்குவதை மற்றவர் கைப்பேசியில் பதிவு செய்து, ஒவ்வோர் அசைவும் எத்தனை விநாடி எடுக்கிறது என்று குறித்து 12ஆல் பெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை படம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். துணி உடுத்தாத கம்பி உருவத்தை வைத்து இந்தத் தூக்கலை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள். பாதத்தை ஆணியாலோ திருகாலோ தரையில் பிணைக்க மறக்க வேண்டாம். முகத்துக்கு அசையும் இமையும் புருவமும் போதும். உடலுக்குக் குனிந்தே பழகிய கழுத்து, அதில் தொங்கும் அளவு நாடா.

முதல் வாரத்திலேயே காட்சிகளை வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டு படங்களைச் சரியான கால அளவில் வரிசையாக ஓடவிட்டு ஓர் அனிமேட்டிக் தயாரித்து, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். படம் புரிந்ததா என்று கேட்காமல், இவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். "இயந்திரத்தை மேலே ஏற்றப் பார்க்கிறார்" என்று பதில் வந்தால் மறுநாளே கம்பியை வளைக்கத் தொடங்கலாம்.